விலை கொடுப்பவனும் வேட்டைக்காரனே

நிலத்தைத் திணைகளாகப் பகுத்த நம் முன்னோர், அந்தந்த நிலத்துக்குரிய பறவையையும் உடன் வைத்தே எண்ணினர். முல்லைக்குக் கானங்கோழி உரித்தாயிற்று. புதர்களிலும் புன்செய்க் காடுகளிலும் ஓடித்திரியும் சிறு பறவைகள் சிவல் என்றும் இதல் என்றும் குறும்பூழ் என்றும் பழம்பாடல்களில் பெயர் பெற்றன. இன்று கௌதாரி, காடை என நாம் வழங்கும் பறவைகளே இவை. குறும்பூழ்ப் போர் பற்றிய செய்தி மருதக்கலியில் இடம்பெறும் அளவுக்கு இப்பறவைகள் மக்கள் வாழ்வோடு நெருங்கியிருந்தன.

இன்று வகுப்பறையில் ‘சிவல்’ என்னும் சொல்லுக்குப் பொருள் வினவினால் மாணவர் விழிக்கின்றனர். ‘கௌதாரி’ என்று விளக்கினால் முகம் மலர்கின்றது. ஆனால், அவர்களுள் அதன் குரலை அறிந்தவர் ஒருவர் இருவரே. அதன் சுவையை அறிந்தவர் பலர். ஒரு பறவை காட்டிலிருந்து நீங்கித் தட்டில் மட்டுமே அறிமுகமாகும் நிலை, மொழிக்கும் நிலத்துக்கும் ஒருங்கே நேரும் இழப்பாகும். இதனைக் குறித்துச் சில கருத்துகளை ஈண்டு முன்வைக்க விழைகிறோம்.

நம் மேட்டுநிலப் பறவைகள்

நமது நெல்லைச் சீமை தாமிரபரணி பாயும் வயல்களால் மட்டும் ஆனதன்று. கோவில்பட்டிப் பகுதியின் கரிசல், சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பகுதிகளின் செம்மணல் தேரிகள், பனங்காடுகள், மேற்குமலை அடிவாரத்துப் புதர்க்காடுகள் எனப் பரந்த வறள்நிலமும் அதன்கண் அடங்கும். அவ்வறள்நிலத்தின் குடிமக்களே கௌதாரியும் காடையும். மலையடிவாரத்தில் காட்டுக்கோழி வாழ்கிறது.

கௌதாரி பறப்பதினும் ஓடுவதையே விரும்பும் பறவை. பகலில் தரையில் விதைகளையும் கறையான் முதலிய பூச்சிகளையும் பொறுக்கித் தின்னும். இரவில் முள்மரக் கிளைகளில் அடையும். முட்டையிடுவதோ தரையிலேதான். உழவனுக்கு அது பகையன்று. இதன் அறிவியற்பெயரில் புதுச்சேரியும், மழைக்காடையின் அறிவியற்பெயரில் சோழமண்டலக் கரையும் இடம்பெற்றுள்ளன. கிமெலின் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1789ஆம் ஆண்டில் இட்ட பெயர்கள் அவை. உலகத்தார் இவற்றை நம் நிலத்தின் பெயராலேயே அறிகின்றனர்.

சாம்பல்நிறக் காட்டுக்கோழியின் பெருமை இதனினும் பெரிது. இந்தியாவுக்கே உரிய பறவை அது. வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு இதனிடமிருந்தே வந்தது என 2008ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு நிறுவியது. உலகெங்கும் வளர்க்கப்படும் கோழிகளில் நம் கானங்கோழியின் குருதியும் கலந்திருக்கிறது என்பது எண்ணி மகிழத்தக்கது.

வேட்டையும் வஞ்சமும்

இப்பறவைகளை வேட்டையாடும் முறை பழமையானது. பழக்கிய விலங்கையோ பறவையையோ காட்டி அதன் இனத்தை ஈர்த்துப் பிடிப்பது ஒரு முறை. அவ்வாறு பழக்கப்பட்டதற்குப் ‘பார்வை’ என்பது தமிழ்ப்பெயர். எயினர் குடியிருப்பில் பார்வை மான் கட்டப்பட்டிருந்த செய்தியைப் பெரும்பாணாற்றுப்படை தருகிறது. புதரின் பின் மறைந்து பறவை பிடிக்கும் வேடனைத் திருவள்ளுவர் கூடாவொழுக்க அதிகாரத்தில் உவமையாக்கினார். அச்செயலில் உள்ள வஞ்சத்தை அவர் நன்கு கண்டிருந்தார் என்பது தெளிவு.

கூண்டிலிருக்கும் பார்வைக் கௌதாரி குரல் கொடுக்கிறது. தன் எல்லைக்குள் அயலான் புகுந்தான் எனக் கருதி அவ்விடத்து ஆண் பறவை எதிர்க்குரல் கொடுத்தபடி ஓடிவந்து, சுற்றிலும் வைத்த கண்ணியில் சிக்குகிறது. இணை தேடி எல்லை காக்கும் பருவத்திலேயே அது இங்ஙனம் எளிதில் ஏமாறும். ஆதலின் அகப்படுவது ஒரு பறவை மட்டுமன்று. அவ்வாண்டின் குஞ்சுகளும் அதனோடு போகின்றன. இக்காலத்தில் பார்வைப் பறவையை வளர்க்கும் உழைப்பும் வேண்டுவதில்லை. கைப்பேசியில் பதிந்த குரலும் ஒலிபெருக்கியும் நைலான் வலையும் போதும். பழைய வேட்டுவனின் முயற்சிக்கு ஓர் எல்லை இருந்தது. இன்றைய கருவிக்கு அவ்வெல்லை இல்லை.

சட்டம் கூறுவது யாது?

உரிமம் பெற்ற துப்பாக்கியுடன் காடை, கௌதாரி வேட்டைக்குச் சென்றவர்களைப் பற்றிப் பெரியவர்கள் கூறக் கேட்டிருக்கிறோம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் சிறுவேட்டைக்கு உரிமம் வழங்க இடமளித்தது உண்மையே. 1991ஆம் ஆண்டின் திருத்தம் அவ்வாயிலை அடைத்துவிட்டது. அதன்பின் விளையாட்டுக்கான வேட்டை என ஒன்று இந்நாட்டுச் சட்டத்தில் இல்லை.

‘வேட்டை’ என்பதற்குச் சட்டம் தரும் பொருளும் கருதத்தக்கது. கொல்வது மட்டுமன்று, பிடித்தல், கண்ணி வைத்தல், இரைகாட்டி ஈர்த்தல், இவற்றுக்கு முயலுதல், பறவையின் முட்டையையும் கூட்டையும் குலைத்தல் ஆகிய அனைத்தும் வேட்டையே. சட்டத்துக்கு மாறாக வேட்டையாடப்பட்ட உயிரின் இறைச்சி அரசின் உடைமையாகும்; இசைவின்றி அதனை வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. 2022ஆம் ஆண்டின் திருத்தம், பொதுவான குற்றங்களுக்குரிய தண்டத்தின் உச்ச அளவை 25,000 ரூபாயிலிருந்து 1,00,000 ரூபாயாக உயர்த்தியது.

ஆகவே, சாலையோரத்தில் கால் கட்டிய கௌதாரியை விலைபேசும் படித்தவர், தாம் வெறும் நுகர்வோர் என்று கருதுவாராயின் அது பிழை. சட்டத்தின் பார்வையில் அவரும் குற்றத்தில் பங்குடையவரே.

பழி யாருக்கு?

நடைமுறையில் பழி முழுவதும் ஏழை வேட்டுவன் தலையிலேயே விழுகிறது. பறவை வேட்டை என்றதும் நரிக்குறவரையும் குருவிக்காரரையும் சுட்டுவது நமது சமூகத்தின் பழக்கமாகிவிட்டது. நெடுங்காலப் போராட்டத்துக்குப் பின் 2023ஆம் ஆண்டிலேதான் அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் இடம்பெற்றனர். நிலமில்லாத, நிலையான தொழிலில்லாத ஒருவன் இரு பறவைகளைப் பிடித்துவந்து நிற்கும்போது, அவனை அங்கு நிறுத்தியது அவன் பசி மட்டுமன்று. மகிழுந்தை நிறுத்தி இறங்கும் நம்மவரின் நாவும் ஆகும். பிடிபடுபவன் அவன், உண்டு செல்பவர் நாம். இஃது எவ்வகை நீதி?

உண்பதற்காக வாங்குவார் இல்லையாயின் விற்பதற்காகக் கொல்வாரும் இல்லை என்னும் கருத்தை வள்ளுவர் புலால் மறுத்தல் அதிகாரத்தில் வைத்துள்ளார். நாம் புலால் மறுத்தவர் அல்லோம். ஊனுணவைக் கைவிடுமாறு எவரையும் கேட்கவுமில்லை. ஆயினும் வள்ளுவர் கண்ட அந்தச் சந்தை நியாயம் கௌதாரிக்கு முற்றிலும் பொருந்தும்.

மார்க்கம் வகுத்த வரம்பு

“வேட்டை மார்க்கத்தில் ஆகுமானதுதானே?” எனச் சிலர் வினவுவர். ஆகுமானதே, மறுப்பாரில்லை. பாலைவனத்தில் இஸ்ரவேலர்க்கு இறைவன் அருளிய உணவாகத் திருக்குர்ஆன் குறிக்கும் ‘ஸல்வா’ காடையே என்பது விரிவுரையாளர் பலரின் கருத்து. ஆனால், அனுமதித்த அதே மார்க்கம் வரம்பையும் வகுத்தது. இஹ்ராம் அணிந்தவர் நிலத்தில் வேட்டையாடலாகாது. புனித மக்காவின் எல்லைக்குள் வேட்டைப் பிராணியை விரட்டவும் கூடாது. வேட்டைக்குக் காலமும் இடமும் உண்டு என்னும் நெறி நமக்குப் புதிதன்று. கழுத்து நெரிபட்டு இறந்ததை உண்பதும் விலக்கப்பட்டதே. கண்ணியில் சிக்கித் துடித்து மாண்ட பறவை எவ்வகையில் சேரும் என்பதை உண்பவர் எண்ணிப் பார்க்கட்டும்.

காற்றுத்துப்பாக்கியைத் தோளில் மாட்டி விடுமுறை நாட்களில் ஊர்ப்புறம் செல்லும் இளைஞர்க்கும் ஒன்று சொல்வோம். சிறுதிறன் காற்றுத்துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம் என்பது குறிபார்த்துப் பழகுவோர்க்கான சலுகையேயன்றிப் பறவையைச் சுடுவதற்கான அனுமதியன்று. உயிருள்ளதை இலக்காக வைத்து எய்வதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கண்டித்துள்ளார்கள். பயனின்றிக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவி மறுமையில் இறைவனிடம் முறையிடும் என்னும் கருத்துடைய நபிமொழியும் நஸாயீ தொகுப்பில் காணப்படுகிறது.

இவ்விடத்தில் சாலிம் அலி (1896–1987) நினைவுக்கு வருகிறார். சிறுவனாக இருந்தபோது அவர் சுட்டு வீழ்த்திய சிட்டின் தொண்டையில் மஞ்சள் நிறம் தென்பட்டது. அஃது என்ன பறவை என அறியும் ஆவலில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தை நாடினார். அங்கு செயலாளர் மில்லார்டு காட்டிய பறவைத் தொகுப்பு, அவர் வாழ்வின் திசையையே மாற்றிற்று. 1985ஆம் ஆண்டில் வெளிவந்த தம் தன்வரலாற்றுக்கு வீழ்ந்த அச்சிட்டின் நினைவாகவே பெயரிட்டார். துப்பாக்கியைக் கையில் ஏந்திய சிறுவனுக்கும் இந்தியப் பறவையியலின் தந்தைக்கும் இடையே நின்றது ஒரே ஒரு வினா: ‘இதன் பெயர் என்ன?’ அவ்வினாவை நம் மாணவரும் கேட்க வேண்டும் என்பதே நம் அவா.

எழக்கூடிய தடை

“கௌதாரி அழியும் நிலையிலுள்ள பறவையன்றே, வாழிடம் சுருங்குவதல்லவா பெருங்கேடு?” என்பது அறிந்தோர் எழுப்பக்கூடிய தடை. உலக அளவில் கௌதாரி அச்சத்துக்குரிய இனமாக மதிப்பிடப்படவில்லை என்பது மெய். உயிர்வேலி நீங்கிக் கம்பிவேலி வருவதும், தரிசுநிலம் மனைகளாவதும், பூச்சிக்கொல்லி இரையை ஒழிப்பதும் பெருங்கேடுகள் என்பதும் மெய். ஆனால், வீடிழந்து ஒடுங்கி நிற்பவனின் கைப்பொருளையும் பறிப்பது அறமாகுமோ? வாழிடம் சுருங்கச் சுருங்க, எஞ்சியவற்றைப் பிடிப்பது எளிதாகிறது என்பதே உண்மை.

மிகுதியாக இருப்பது என்றும் இருக்கும் என்னும் நம்பிக்கையை வரலாறு பொய்ப்பித்திருக்கிறது. வட அமெரிக்காவில் கோடிக்கணக்கில் பறந்த பயணிப்புறாவின் கடைசிப் பறவை 1914ஆம் ஆண்டில் சின்சினாட்டி விலங்குக் காட்சிசாலையில் இறந்தது. சந்தைக்காக நிகழ்ந்த வேட்டை அதன் அழிவுக்கு முதன்மைக் காரணம். நம் நாட்டிலேயே, முசௌரி, நைனிதால் மலைச்சரிவுகளில் வாழ்ந்த இமயமலைக் காடை 1876ஆம் ஆண்டுக்குப் பின் உறுதியாகக் காணப்படவில்லை.

நமது மாவட்டத்துக் கூந்தன்குளத்து மக்கள் தம் ஊருக்கு வரும் நீர்ப்பறவைகளை விருந்தினராகவே போற்றிக் காத்து வருகின்றனர். அவ்வூர்க் குளம் 1994ஆம் ஆண்டில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தொலைவிலிருந்து வரும் நாரைக்குக் கிடைக்கும் அந்த அன்பு, வரப்போரத்தில் பிறந்து வரப்போரத்திலேயே வாழும் கௌதாரிக்கும் கிடைக்கலாகாதா?

செய்ய வேண்டுவன

காடை உண்ண விழைவோர்க்குப் பண்ணைக் காடை உண்டு. 1974ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜப்பானியக் காடை, ஏறத்தாழ ஐந்து வாரங்களில் விற்பனைக்குத் தயாராகிறது. அதனை வாங்குவதில் தடையில்லை. விற்பவர் “காட்டுக் காடை” என்று குரலைத் தாழ்த்திச் சொல்லும்போது மறுத்து நகர்வதே வேண்டுவது.

வலீமா விருந்துகளிலும் பிற விழாக்களிலும் காட்டுப்பறவையின் இறைச்சி இடம்பெறாது என ஜமாஅத்துப் பெரியோர் ஒருமுறை அறிவித்தால், அதன் பயன் வனத்துறையின் பத்துச் சோதனைகளினும் மிகும். நிலமுடையோர் வயலோரத்தில் ஒரு கீற்றுப் புதரை அழிக்காது விட்டால் அதுவே கௌதாரிக்கு வீடாகும். மாணவர்கள் தத்தம் ஊரில் பறவைகளுக்கு வழங்கும் பெயர்களைப் பாட்டன் பாட்டியரிடம் கேட்டுத் தொகுக்கலாம். நெல்லையில் 1912ஆம் ஆண்டில் பிறந்த மா. கிருஷ்ணன் தமிழிலும் இயற்கையைப் பற்றி எழுதிச் சென்றிருக்கிறார். அவர் வழியில் நடக்க நம்மிடையே இளைஞர் இல்லாமற் போகவில்லை.

வேடன் கையிலுள்ள கண்ணியை அவிழ்க்கும் ஆற்றல் நமக்கு இல்லாதிருக்கலாம். ஆனால், அக்கண்ணியின் மறுமுனை நம் பணப்பையில் கட்டப்பட்டிருக்கிறது. அம்முனையை நாம் அவிழ்த்துவிட்டால் வரப்போரத்தில் கௌதாரியின் குரல் நிலைக்கும். ‘சிவல்’ என்னும் சொல்லுக்குப் பொருள் கேட்கும் மாணவனுக்கு, வகுப்பறைச் சாளரத்துக்கு வெளியே கைநீட்டிக் காட்டவும் நம்மால் இயலும்.