வெப்ப நாட்டுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லையாம்!



"நம்முடையது வெப்ப நாடு. தெர்மோஸ்டாட் எதற்கு? கழற்றிப் போட்டுவிடலாம்."

மலேசியாவில் பழைய மகிழுந்து வைத்திருப்போர் இவ்வாக்கியத்தை ஒரு முறையேனும் கேட்டிருப்பர். பட்டறையில் கேட்டிருப்பர், திருமண விருந்தில் மாமாவோ மச்சானோ சொல்லக் கேட்டிருப்பர். வருத்தம் என்னவென்றால், பள்ளியின் ஆசிரியர் அறையிலும் இது மறுப்பின்றி உலவுகிறது. 'வெப்பத்தால் பொருள்கள் விரிவடையும்' என்று காலையில் கரும்பலகையில் எழுதிய கை, அதே விதியால் இயங்கும் ஒரு கருவியைக் கழற்றி எறிய மாலையில் தலையாட்டுவோரின் கைதான்! இதைவிடப் பெரிய முரண் வேறு உண்டா?

முதலில் அக்கருவி என்ன செய்கிறது என்று பார்ப்போம். என்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே நீர் செல்லும் வழியில் நிற்கும் சிறு கதவு அது. அதன் நடுவிலுள்ள உலோகக் குப்பியில் மெழுகு அடைக்கப்பட்டிருக்கும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது கதவு மூடியிருக்கும். நீர் என்ஜினுக்குள்ளேயே சுழன்று விரைவில் சூடேறும். ஏறத்தாழ 82 முதல் 88 பாகை செல்சியசில் மெழுகு உருகி விரியும். அதன் அழுத்தத்தால் கதவு திறக்கும். நீர் ரேடியேட்டருக்குப் பாயும். திறக்கும் வெப்பநிலையை அதன் உலோகத்திலேயே பொறித்திருப்பார்கள். மின்சாரம் இல்லை, கணினி இல்லை. மெழுகின் விரிவு மட்டுமே. 1930களில் உருவான இவ்வமைப்பு இன்றளவும் பயனில் உள்ளது.

இப்போது அந்த 'வெப்ப நாடு' வாதத்துக்கு வருவோம். கோலாலம்பூரின் நண்பகல் வெப்பம் 32, 33 பாகை. என்ஜின் நன்றாக இயங்க நீர் 90 பாகையை ஒட்டியிருக்க வேண்டும். இடைவெளி 55 பாகைக்கு மேல்! பனி கொட்டும் நாட்டில் இந்த இடைவெளி 90 பாகை. இங்கே சற்றுக் குறைவு, அவ்வளவே. என்ஜினின் கணக்கில் நம் நாடும் குளிர் நாடுதான்.

கழற்றினால் என்ன நேரும்?

ஒன்று, என்ஜின் சூடேறத் தாமதமாகும். நெடுஞ்சாலையில் எதிர்க்காற்று அதை மேலும் குளிர்விக்கும். நீரின் வெப்பத்தை அளக்கும் உணரி, 'என்ஜின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது' என்று கணினிக்குச் சொல்லும். கணினி கூடுதலாகப் பெட்ரோலைத் தெளிக்கும். நம் பணம் புகைக்குழாய் வழியே போகும்.

இரண்டு, எண்ணெயில் கலக்கும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாக வாய்ப்பின்றித் தங்கும். எண்ணெய் கெடும், கசடு சேரும், உறுப்புகள் விரைவில் தேயும்.

மூன்றாவதுதான் வேடிக்கை. சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் இரு கதவுகள் கொண்டது. ஒன்று ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போது மற்றொன்று குறுக்குவழியை அடைக்கும். அதைக் கழற்றினால் குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கும். சுடுநீரில் ஒரு பகுதி ரேடியேட்டரை எட்டாமலே என்ஜினுக்குத் திரும்பும். சூட்டைத் தணிக்கக் கழற்றியவருக்குச் சூடே கூடும்!

பட்டறைக்காரரை மட்டும் குறை சொல்ல நான் வரவில்லை. கதவு மூடியபடியே சிக்கி என்ஜின் கொதிக்கும்போது, வண்டியை வீடு சேர்க்க அதைக் கழற்றுவது அவசர உதவி. அதையே நிரந்தர மருத்துவமாக்குவதுதான் தவறு. கதவு ஏன் சிக்கியது என்றும் கேட்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் குழாய் நீரையே ஊற்றினால் துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? 'கூலண்ட் பனி நாட்டுக்கு' என்பதும் அதே பொய்யின் தம்பி. உறைவதைத் தடுப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் நமக்குத் தேவையான வேலைகள்.

இப்பொய்க்கு இன்னொரு தம்பியும் உண்டு. இறக்குமதியான சில மகிழுந்துகளில் வெப்பமூட்டிக்குச் செல்லும் சுடுநீரை அடைக்க ஒரு வால்வு இருக்கும். அது திறந்தபடி சிக்கினால் குளிர்சாதனக் காற்று வெதுவெதுப்பாக வரும். 'இந்நாட்டில் ஹீட்டர் ஏது' என்று அவ்வால்வை மறந்தவர்கள், குளிர்வாயுவை நிரப்பி நிரப்பிப் பணத்தைக் கரைப்பார்கள். தேவையில்லை என்று ஒதுக்கப்பட்ட பொருளே பழுதுக்குக் காரணம்!

"மகிழுந்துக் கதை நமக்கெதற்கு?" என்று கேட்பீர்கள். 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறியபோது குரல் கொடுத்தோம். அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டபோது மகிழ்ந்தோம். தமிழில் அறிவியல் கற்பிக்கும் வாய்ப்பு மீண்டும் கிடைத்தது. அதைக்கொண்டு என்ன செய்தோம்? விரிவடைதல், சுருங்குதல், ஆவியாதல் என்ற அழகிய சொற்களை விடைத்தாளில் பூட்டி வைத்தோம். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. தேர்வுக்காக மட்டும் படிக்கும் மனம் நீங்கவில்லை. வாசலில் நிற்கும் மகிழுந்தைத் தொடாத அறிவியல் எந்த மொழியில் இருந்தால் என்ன?

பெற்றோர்களே, ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள். சில பத்து ரிங்கிட்டில் புதிய தெர்மோஸ்டாட் கிடைக்கும். பொருத்துவதற்கு முன் அதை நூலில் கட்டி, சமையலுக்குப் பயன்படாத பழைய பாத்திரத்து நீரில் அடியைத் தொடாமல் தொங்கவிடுங்கள். வெப்பமானியையும் வைத்துச் சூடாக்குங்கள். எத்தனை பாகையில் கதவு திறக்கிறது என்று பிள்ளை எழுதட்டும். பொறித்த எண்ணோடு ஒப்பிடட்டும். இதைவிடச் சிறந்த ஆய்வுக்கூடம் எது?

பிறகு மாற்றுங்கள். என்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. வடியும் கூலண்டைத் தட்டில் பிடியுங்கள். அது இனிப்புச் சுவையுள்ள நஞ்சு, சிறுவரும் பூனையும் அண்டலாகாது. ரேடியேட்டரின் தடித்த குழாய் என்ஜினைச் சேரும் இடத்து மூடியில் பெரும்பாலும் இரண்டு, மூன்று போல்ட்டுகளே இருக்கும். பழையது எத்திசையில் இருந்தது என்று பார்த்து, புதிய வளையத்துடன் அப்படியே பொருத்துங்கள். காற்றுத்துளை இருந்தால் அது பெரும்பாலும் மேல்பக்கம் வரும். கூலண்டை நிரப்பி, திறந்த வெளியில் என்ஜினை ஓடவிட்டுக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுங்கள். விசிறி சுழன்று நிற்கும்வரை வெப்பமுள்ளின் மேல் கண் இருக்கட்டும். துணிவில்லையெனில் பட்டறைக்கே செல்லுங்கள். ஆனால் பிள்ளையையும் அழைத்துச் சென்று அருகில் நிறுத்துங்கள்.

ஆசிரியர்களே, 'ஏன்' என்று கேட்கும் மாணவனை அதட்டி அமர வைக்காதீர். இன்று வாயடைக்கப்படும் மாணவனே நாளை 'தேவையில்லை' என்று எவர் சொன்னாலும் நம்பிப் பணம் கட்டுவான். ஏமாற்றுவோரை ஒழிப்பது நம் கையில் இல்லை; ஏமாறாத ஒரு தலைமுறையை உருவாக்குவது நம் கையில்தான் உள்ளது.

சிந்திப்போம், செயல்படுவோம்.