அம்மம்மாவுக்கு எந்தப் போன்?

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் மகன் தாய்க்கென்று ஒரு டச் போன் கொண்டுவருகிறார். அவர் இரண்டு வருடம் பாவித்த போன்தான். கமரா நல்லது, திரை பெரியது. அவர் திரும்பிப் போய் ஒரு மாதத்துக்குள் அந்தப் போன் பேரனின் கையில் இருக்கும், கேம் ஓடிக்கொண்டிருக்கும். அம்மம்மா பழையபடி பக்கத்து வளவுப் பெட்டையிடம், "ஒருக்கா மாமாவுக்குக் கோல் எடுத்துத் தா பிள்ளை" என்று கேட்டு நிற்பார். அக்கராயன், ஸ்கந்தபுரம், வன்னேரிக்குளம் பக்கங்களில் இந்தக் கதை புதிதல்ல.

"அவவுக்கு விளங்காது" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். பிழை அவரிடம் இல்லை. காசு கொடுத்தவர் தன் கண்ணுக்கும் தன் விரலுக்கும் ஏற்ற போனை வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

யுத்தம் முடிந்து 2010 அளவில் மீள்குடியேறிய பிறகே வன்னியின் வயதானவர்களில் பெரும்பாலானோருக்குப் போன் பழக்கமானது. 1990இல் அழிந்த கொக்காவில் தொலைத்தொடர்புக் கோபுரம் 174 மீற்றர் உயரத்தில் மறுபடி எழுந்து திறக்கப்பட்டதே 2011 ஜூனில்தான். இன்று 75 வயதான ஒருவர் முதன்முதலில் போனைக் காதில் வைத்தபோது அவருக்கு 60 வயதாகியிருக்கும். அந்த வயதில் அவர் பழகியது பட்டன் போன். கட்டைகளின் இடம் விரலுக்குப் பாடம். ஐந்தாம் இலக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளி புடைத்திருக்கும். அதைத் தடவியே மற்ற இலக்கங்களைப் பிடித்துவிடுவார், பார்வை மங்கியவர்கூட.

டச் போனில் அந்தப் பிடிமானம் கிடையாது. அதைவிடப் பெரிய சிக்கல் தோல். தொடுதிரை விரலின் அழுத்தத்தை அறிவதில்லை. தோலில் உள்ள ஈரத்தின் வழியே நடக்கும் மின் மாற்றத்தைத்தான் அறிகிறது. ஐம்பது வருடம் வயலிலும் வேலியிலும் கிடந்து காய்த்துப்போன விரல்நுனி காய்ந்தும் இருக்கும், தடித்தும் இருக்கும். திரை அதைச் சில வேளை கண்டுகொள்ளாது. கண்டுகொள்ளவில்லை என்று அவர் இன்னும் அழுத்திப் பிடிப்பார். அழுத்திப் பிடித்தால் திரையில் இருந்த படம் இடம் மாறும், அல்லது வேறெதுவோ திறக்கும். அதோடு பயம் பிடித்துவிடும்: "நான் பழுதாக்கிப்போட்டன்."

உலகில் மிக அதிகமாக விற்ற போன்களில் ஒன்று 2003இல் வந்த நொக்கியா 1100 என்ற பட்டன் போன். ஏறத்தாழ 25 கோடி விற்றது. தூசி புகாத றப்பர் கட்டைகள், தலையில் ஒரு ரோச் லைட். வன்னி வீடொன்றில் இரவில் கிணற்றடிக்கோ மலசலகூடத்துக்கோ போக அந்த ரோச் எவ்வளவு உதவும் என்பதை ரொறொன்ரோவில் இருப்பவர் மறந்திருக்கலாம். பற்றரியையும் மறக்கக்கூடாது. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றபோது, சில நாட்களுக்கு ஒருமுறை சார்ஜ் போட்டாலே போதும் என்ற பட்டன் போன்களே உயிரோடு இருந்தன.

காதையும் கவனிக்க வேண்டும். முதுமையில் முதலில் கேளாமல் போவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள். கடைக்காரர் போட்டுத் தரும் ரிங்ரோன் பெரும்பாலும் அந்த வகைதான். தடித்த, தாழ்ந்த ஒலியாக மாற்றிவிட்டால் முற்றத்தில் நிற்பவருக்கும் கேட்கும். ஷெல் சத்தத்துக்குள் கிடந்து வந்த தலைமுறைக்கு இது இன்னும் அவசியம்.

அப்படியென்றால் பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பது எப்படி? நியாயமான கேள்வி. வட்ஸ்அப்பும் வைபரும் இல்லாமல் புலம்பெயர்ந்த குடும்பம் இன்று இல்லை. ஆனால் இரண்டு வேலைக்கும் ஒரே போன் என்ற பிடிவாதம்தான் வம்பாகிறது. மடியில் பட்டன் போன் இருக்கட்டும். வீடியோ கோலுக்குப் பழைய டச் போன் ஒன்றை சார்ஜரோடு மேசையில் நிரந்தரமாக நிறுத்திவிடலாம். பூட்டை எடுத்துவிட வேண்டும். முன்திரையில் பிள்ளைகளின் படங்களை மட்டும் வைத்தால் தேடி அலையாமல் அவர்களைப் பிடிக்கலாம். சம்சுங் போன்களில் எழுத்தையும் படத்தையும் பெரிதாக்கும் எளிய முறை உண்டு. அழுத்திப் பிடிக்கும் நேரத்தைக் கூட்டும் வசதி அண்ட்ராய்ட் அமைப்புகளிலேயே இருக்கிறது. அதைத் தேடிப் போட்டுவிட்டால் மேலே சொன்ன பயம் பாதி குறையும்.

முதியவர்களுக்கு ஏற்ற போனை ஜப்பானில் 2001இலேயே யோசித்துவிட்டார்கள். டொகோமோவும் புஜிட்சுவும் கொண்டுவந்த 'ராகு ராகு' போனில் முக்கியமான மூவருக்கென்று தனித்தனிக் கட்டை. பின்னர் வந்தவற்றில், மறுமுனையில் வேகமாகப் பேசுபவரின் குரலை மெதுவாக்கித் தரும் வசதியும் சேர்ந்தது. சுவீடனின் டோரோ நிறுவனமும் முதியோருக்கென்றே போன் செய்கிறது, பின்புறத்தில் அவசரக் கட்டையோடு. பிரான்சிலோ சுவிஸிலோ இருக்கும் பிள்ளைக்கு அதை வாங்கி அனுப்ப ஆசை வரும். மெனு மொழியை ஒருமுறை பார்க்கட்டும். பதிவும் ஒரு விடயம்: 2025 ஜனவரி 28 முதல், பதிவு செய்யப்படாத புதிய போன்கள் உள்ளூர் வலையமைப்பில் இணைக்கப்படமாட்டா என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அறிவித்திருக்கிறது. *#06# அடித்தால் வரும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிப் பார்க்கலாம். இந்த அலைச்சலைவிடக் கிளிநொச்சி ரவுணில் வாங்குவது சுலபம். பழுதானால் கொண்டுபோய்க் கொடுக்கவும் இடம் இருக்கும்.

கடைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பெட்டிக்குள் இருக்கும்போது எல்லாப் போனும் நல்ல போன்தான். வெளியே எடுத்து அவரே ஒரு கோல் எடுத்து, கதைத்து, வைக்கட்டும். கட்டையில் எழுத்துத் தெரிகிறதா, மெனு தமிழில் வருகிறதா, கண்ணாடி இல்லாமல் பச்சைக் கட்டையையும் சிவப்புக் கட்டையையும் பிரித்தறிகிறாரா என்று அங்கேயே தெரிந்துவிடும். ஒரே கட்டையில் கோல் போகும்படி இலக்கங்களையும் போட்டுவிடலாம்: இரண்டாம் கட்டையில் மகள், மூன்றாம் கட்டையில் பக்கத்து வீடு, இன்னொன்றில் 1990. 2016இல் தெற்கில் தொடங்கிய அந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2018இல் வடக்குக்கும் வந்துவிட்டது.

மாதாமாதம் ரீலோட் போடுவது யார் என்பதையும் அன்றே பேசி முடிக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்தபடியே ஒன்லைனில் போடலாம், சில நிமிட வேலை. அதைச் செய்யாமல் ஐம்பதாயிரம் ரூபாய்ப் போன் கொடுத்தாலும், காசு முடிந்த சிம்மோடு அவர் மிஸ்ட் கோல்தான் அடித்துக்கொண்டிருப்பார்.