தீவுக்கு வேண்டிய பற்றரி

நெடுந்தீவில் வெயிலுக்கும் குறைவில்லை, காற்றுக்கும் குறைவில்லை. ஆனால் நெடுங்காலமாக அங்கே விளக்கு எரிந்ததெல்லாம் கடல் கடந்து வந்த டீசலில்தான். ஊர்காவற்றுறை தாம்போதியால் தரையோடு சேர்ந்தது, மின்கம்பியும் வந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் அந்த வசதி இல்லை.

வெயில் பகலில்தான், விளக்கு வேண்டியது இரவில். ஆகவே பற்றரி இல்லாமல் காரியம் நடக்காது. 2021 ஜனவரியில் இந்தத் தீவுகளின் வேலை ஒரு சீன நிறுவனத்துக்குக் கிடைத்தது. இந்தியா ஆட்சேபித்தது. அந்த வருடம் டிசம்பரிலேயே திட்டம் நின்றது. பிறகு 2024 மார்ச் 1 இல், இந்தியாவின் 1 கோடியே 10 இலட்சம் டொலர் நன்கொடையில், பெங்களூர் நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தமானது. பெரியவர்கள் வழக்காட, மூன்று வருடம் போனது தீவு மக்களுக்கு!

பற்றரியின் கதையும் சுவையானதுதான், சகோதரிகளே. பிளாஸ்டிக்கில் மின்சாரம் பாயாது என்றுதானே படித்தோம்? அதனால்தானே கம்பிக்கு மேல் அதைப் போர்த்துகிறோம்! 1977 இல் ஜப்பானின் ஷிரகாவாவும், அமெரிக்காவில் இருந்த ஹீகர், மக்டயர்மிட் இருவரும், அயடீன் சேர்த்த ஒருவகைப் பிளாஸ்டிக் உலோகம்போல மின்சாரம் கடத்துவதைக் காட்டினார்கள். 2000 இல் நோபல் பரிசு. இதே பிளாஸ்டிக்கை வைத்துத்தான் அகிரா யொஷினோ 1980களில் லித்தியம் பற்றரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். அது இடத்தை அடைத்தது, நிலைத்தும் நிற்கவில்லை. கரிக்கு மாறினார். 1991 இல் சோனி நிறுவனம் அவ்வகைப் பற்றரியைக் கடைக்குக் கொண்டுவந்தது.

அதே 1991 இல் ஜப்பானின் ஈஜிமா, கரியணுக்கள் குழாயாகச் சுருண்டிருப்பதை விவரித்தார். தலைமயிரைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லியவை. சார்ஜ் ஏற ஏற, இறங்க இறங்க, பற்றரியின் உள்ளிருக்கும் பொருள் ஊதிச் சுருங்கும்; வெடிப்பு விழும். களிமண்ணில் வைக்கோல் சேர்த்துப் பிசைவதுபோல இந்தக் குழாய்களைச் சிறிது கலந்தால் பிடித்தும் வைக்கும், மின்சாரத்துக்கு வழியும் விடும். இன்றைய பற்றரிகள் சிலவற்றில் இது நடக்கிறது. இவற்றையும் அந்தப் பிளாஸ்டிக்கையும் சேர்த்து நூலாக நூற்று, துணியிலேயே பற்றரி நெய்யவும் ஆய்வுகூடங்களில் முயல்கிறார்கள். கேட்க அழகுதான், தீவின் இரவுக்கு அது போதாது.

தீவுகளுக்கான ஒப்பந்தத்தில் சொன்ன பற்றரி 2400 அலகு. 50 வாற் மின்விசிறி 20 மணி நேரம் சுழன்றால் ஒரு அலகு. மூன்று தீவும் சேர்ந்து 500 கிலோவாற் வீதம் எடுத்தால் மாலை ஏழுக்குத் தொடங்கியது நள்ளிரவுக்கு முன் தீரும். அப்புறம் காற்று வீச வேண்டும். வீசாவிட்டால்? 2500 கிலோவாற் டீசல் இயந்திரமும் அதே ஒப்பந்தத்தில் இருக்கிறது.