பாக்கெட் வைத்த கவுன்

டாக்டருக்குப் படித்தவனிடம் ஓசியில் மருந்து கேட்பார்கள். வக்கீலுக்குப் படித்தவனிடம் வாடகைத் தகராறு கொண்டு வருவார்கள். பி.காம். படித்தவனிடம் மட்டும் எதை வேண்டுமானாலும் கேட்பார்கள். இன்கம்டாக்ஸ், சீட்டுப் பணம், கூட்டுறவு சொஸைட்டி தேர்தல், மாமனார் உயில். "நீ காமர்ஸ்தானே?" என்பார்கள். அவ்வளவுதான், மாட்டிக் கொண்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. இட்லியில் கை வைத்திருக்கிறேன், போன். லண்டனிலிருந்து பெரியம்மா மகள்.

"டேய், எனக்கு ஒரு ஃபாக்டரி வேணும்டா."

"எவ்வளவு கிலோ?" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

அக்கா அங்கே ஒரு லேடீஸ் துணிக்கடையில் பதினொரு வருஷமாக ட்ரயல் ரூம் வாசலில் நிற்கிறவள். உள்ளே போய்விட்டு வெளியே வருகிற பெண்கள் எல்லோரும், வெள்ளைக்காரியோ நம்ம ஊர்க்காரியோ, இரண்டே குறைதான் சொல்வார்களாம். ஒன்று, பாக்கெட் இல்லை. இரண்டு, ஒரு தடவை துவைத்தால் தங்கச்சிக்குத்தான் சரியாக இருக்கிறது. பதினொரு வருஷம் ஒரே புகாரைக் கேட்டால் யாருக்கும் ஒரு வெறி வரும். அக்காவுக்கும் வந்துவிட்டது. காட்டன் பனியன் துணியில் ஒரு கவுன். ஒரே டிசைன், மூன்று கலர், இரண்டு பக்கமும் செல்போன் முழுசாக உள்ளே போகிற பாக்கெட். ஆயிரம் பீஸ். முதலீடு, சேமிப்பு முழுவதும் பிளஸ் இரண்டு வளையல்.

"அத்தானுக்குத் தெரியுமா?"

"கவுன் வந்தப்புறம் தெரிஞ்சாப் போதும். நீ கோயமுத்தூர்லதானே இருக்கே, திருப்பூர் பக்கம்தானே?"

பக்கம்தான். பஸ்ஸில் ஏறித் தூங்கினால் விழிப்பதற்குள் வந்துவிடும். எனக்கு அடுத்த ஊர். அவளுக்கு அது 'வெளிநாட்டு உற்பத்திக் கூட்டாளி'. அப்படிச் சொன்னதும் எனக்கே முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

ஏன் திருப்பூர்? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. எந்த நாடு எவ்வளவு துணி அனுப்பலாம் என்று பணக்கார நாடுகள் கோட்டா போட்டு வைத்திருந்தன. 1974-ல் ஆரம்பித்த கதை 2004 டிசம்பர் 31 ராத்திரியோடு முடிந்தது. அதற்கப்புறம் யாரும் யாரிடமும் வாங்கலாம். சிந்தெடிக் துணி, ஜிகினா வேலை என்றால் சீனா. மலிவாக, மலை மலையாக வேண்டுமென்றால் பங்களாதேஷ். ஏழை நாடு என்பதால் ஐரோப்பிய யூனியன் 2001-ல் அவர்களுக்கு வரியில்லாமல் கதவைத் திறந்துவிட்டது. ஆனால் அங்கே ஒரு டிசைனுக்கு ஆயிரக்கணக்கில் ஆர்டர் கேட்பார்கள். அவசரமென்றால் துருக்கி, லாரியிலேயே ஐரோப்பா போய்விடலாம். உள்ளாடை என்றால் இலங்கை. காட்டன் பனியன் துணி, அதுவும் கொஞ்சமாக என்றால், நூல் முதல் அட்டைப்பெட்டி வரை ஒரே ஊரில் கிடைக்கிற இடம் திருப்பூர்.

மூன்று கம்பெனிக்குப் போனேன்.

முதல் கம்பெனியில் ரிசப்ஷனே என் வீட்டை விடப் பெரிசு. "எத்தனை பீஸுங்க?" என்றார். ஆயிரம் என்றேன். "ஒரு கலர்லயா?" இல்லை, மூன்று கலர், ஆறு சைஸ், எல்லாம் சேர்த்து ஆயிரம். அவர் கணக்குப் போட்டார். கலருக்கு, சைஸுக்குச் சராசரி ஐம்பத்தைந்து. என்னை ரொம்ப இரக்கமாகப் பார்த்து, "காபி சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். நல்ல காபி.

இரண்டாவது இடத்தில் முதலாளியே வாசலுக்கு வந்தார். "வாங்க தம்பி, நம்ம கம்பெனிங்க இது." மதியம் பிரியாணி. சுவரில் ஃப்ரேம் போட்ட சர்ட்டிபிகேட்டுகள். பீஸ் 410 ரூபாய், தூத்துக்குடியில் கப்பலில் ஏற்றுகிற வரை அவர் செலவு. நாலே நாளில் சாம்பிள் வந்தது. அத்தனை அழகு.

மூன்றாவது ஆசாமி பிரியாணி போடவில்லை, கேள்வியாகப் போட்டார். துணி எத்தனை ஜி.எஸ்.எம்.? அதாவது ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம்? சைஸ் சார்ட் எங்கே? பன்னிரண்டாம் நம்பர் என்றால் லண்டன் பன்னிரண்டா, அமெரிக்காவா? (லண்டன் 12 அமெரிக்காவில் 8, ஐரோப்பாவில் 40. சட்டைக்கு ஒரு காலர் நம்பர் சொல்லிவிட்டு வருகிற ஆண் ஜாதிக்கு இந்தக் கஷ்டம் புரியாது.) பாக்கெட்டில் போன் வைத்தால் பனியன் துணி இழுத்துக்கொண்டு தொங்குமே, யோசித்தீர்களா? யோசிக்கவில்லை. விலை 495.

நான் பி.காம். வித்தியாசம் 85 ரூபாய், ஆயிரம் பீஸுக்கு 85,000. பிரியாணிக் கம்பெனியையே சிபாரிசு செய்தேன். அக்கா முப்பது சதவீதம் அட்வான்ஸ், 1,23,000 ரூபாய் அனுப்பினாள்.

இங்கே ஒரு விஷயம். சாம்பிள் என்பது பெண் பார்க்கப் போன அன்றைக்குக் கொடுத்த கேசரி. அந்த வீட்டில் தினசரி சமையல் எப்படி என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. சாம்பிள் தைப்பதற்கென்றே கம்பெனியில் கை தேர்ந்த ஒரு டெய்லர் இருப்பார். ஆயிரம் பீஸை அவரா தைக்கப் போகிறார்?

ஒரு நாள் சாயங்காலம், வேறு வேலையாகத் திருப்பூர் போனவன், சொல்லாமல் கொள்ளாமல் எட்டிப் பார்த்தேன். முதலாளி இல்லை. "உங்க ஆர்டருங்களா? அது பவர் டேபிளுக்குப் போயிருக்குதுங்க" என்றான் ஒரு பையன். தையலை மட்டும் ஜாப் ஒர்க்காக எடுத்துச் செய்கிற சின்ன யூனிட்டை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். அதில் தப்பில்லை, ஒழுங்காக நடக்கிற பவர் டேபிள்கள் நிறைய இருக்கின்றன. பையன் வண்டியில் கூட்டிக்கொண்டு போனான்.

ஒரு குடோனுக்கு மேலே மாடி. ஒரே ஒரு படி, அதிலும் பாதி அட்டைப்பெட்டி. உள்ளே முப்பது மெஷின், பெரும்பாலும் பெண்கள். காலடியில் மலை மாதிரி வெட்டுத்துணி. பின்பக்கம் இன்னொரு கதவு. அதில் பூட்டு.

"ஏனுங்க பூட்டியிருக்கீங்க?"

"தொறந்து வெச்சா பீஸ் வெளிய போயிருதுங்க."

ஓரமாகத் தரையில் உட்கார்ந்து ஒரு பெண் பிசிர் வெட்டிக் கொண்டிருந்தாள். அவள் மடியில் அக்காவின் கவுன். வயசு என்னம்மா என்று கேட்டேன். அவள் வாயைத் திறப்பதற்குள், "பதினெட்டுங்க" என்றார் சூப்பர்வைசர்.

எனக்கு டாக்கா ஞாபகம் வந்தது. 2012 நவம்பர் 24-ந் தேதி டாக்காவுக்குப் பக்கத்தில் தஸ்ரீன் என்ற கார்மென்ட் ஃபாக்டரியில் தீப்பிடித்தது. அலாரம் கேட்டு எழுந்தவர்களை, ஒன்றுமில்லை, உட்கார்ந்து வேலையைப் பாருங்கள் என்றார்கள். கதவுகள் பூட்டியிருந்தன. நூற்றுப் பத்துப் பேருக்கு மேல் போனார்கள். ஐந்தே மாதத்தில், 2013 ஏப்ரல் 24, சாவாரில் ராணா பிளாஸா. முந்தின நாளே சுவரில் விரிசல். கீழே இருந்த பாங்க்கும் கடைகளும் மூடிவிட்டன. மேலே இருந்த தையல்காரர்களை மட்டும், ஆர்டர் அவசரம் என்று வரச் சொன்னார்கள். 1,134 பேர். இடிபாட்டில் கிடைத்த லேபிள்களை வைத்துத்தான் யார் துணி என்றே தெரிந்தது. 'எங்கள் துணி அங்கே தைக்கப்பட்டதே எங்களுக்குத் தெரியாது' என்றார்கள் சில பெரிய கம்பெனிக்காரர்கள். அதைப் பேப்பரில் படித்தபோது, என்ன ஒரு புளுகு என்று நினைத்தேன். இப்போது, அந்த மாடிப்படியில் நிற்கும்போது, அது உண்மையாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. எனக்கும்தானே தெரியாது? அதுதான் பயமாக இருந்தது.

தெருவுக்கு வந்து அக்காவுக்குப் போன் பண்ணினேன். பிரியாணி உள்பட எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. வளையலை நினைக்கிறாள் என்று நினைத்தேன்.

"முதல்ல அந்தப் பூட்டைத் தொறக்கச் சொல்லு. காசை அப்புறம் பார்க்கலாம்."

திறந்தார்கள். மறுபடி போனபோது பூட்டு பக்கத்து ஆணியில் தொங்கியது. நான் போன பிறகு அது ஆணியிலேயே இருந்ததா என்பது வேறு விஷயம். தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். முதலாளி கோபிக்கக்கூட இல்லை. "எல்லா இடத்துலயும் நடக்கறதுதானுங்களே தம்பி" என்றார். துணி வாங்கியாகிவிட்டது என்று 83,000 பிடித்துக்கொண்டு 40,000 திருப்பித் தந்தார். அந்தத் துணியில் ஐம்பது சென்டிமீட்டர் சதுரம் வெட்டி வீட்டில் துவைத்துக் காயவைத்து அளந்தேன். நீளம் நாற்பத்தைந்தரை. தங்கச்சிக்கே பத்தாது.

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூன்றாவது ஆசாமியிடம் போனேன். அவர் அதே கேள்விகளை அதே குரலில் மறுபடி கேட்டார். இந்தத் தடவை நானும் கேட்டேன். என்னைப் போல் மாட்டிக்கொள்ளப் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

நிட்டிங் எங்கே, சாயம் எங்கே, கட்டிங் எங்கே, தையல் எங்கே, செக்கிங் எங்கே? ஐந்து விலாசமும் காகிதத்தில் வேண்டும். எழுத்து மூலம் கேட்காமல் வெளியே ஜாப் ஒர்க் கொடுக்கக் கூடாது என்று அக்ரிமென்டில் ஒரு வரி. சாயத்துக்குத் தனியாக ஒரு கேள்வி. நொய்யலைக் கெடுத்ததற்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவு நீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்தம் செய்த பிறகே திறக்கலாம் என்றானது. அதற்குச் செலவாகும். விலை ரொம்பக் குறைந்தால் அந்தச் செலவு எங்கே ஒளிந்தது என்று பார்க்க வேண்டும்.

சர்ட்டிபிகேட்டைப் படிக்க வேண்டும். ஓகோ-டெக்ஸ் என்றால் துணியில் கெட்ட கெமிக்கல் இருக்கிறதா என்பதைப் பற்றி. எஸ்.ஏ.8000 என்றால் தொழிலாளர் நிலைமை பற்றி. ஒன்று இருந்தால் இன்னொன்று இருக்கிறது என்று அர்த்தமில்லை. இரண்டுமே நாலு தெரு தள்ளி இருக்கிற குடோன் மாடியைப் பற்றிப் பேசாது. அதற்குச் சொல்லாமல் போக வேண்டும். படிக்கட்டைப் பார்க்க வேண்டும், பாத்ரூமைப் பார்க்க வேண்டும்.

கடைசியில் செக்கிங். இதற்கு உலகம் பூராவும் ஒரே டேபிள். ஆயிரம் பீஸென்றால் 80 எடுத்துப் பார்க்கச் சொல்கிறது. பெரிய குறை ஐந்து வரை பாஸ், ஆறு என்றால் மொத்தமும் ஃபெயில். நம் யூனிவர்சிட்டியை விடக் கறார், ரீவேல்யுவேஷன் கிடையாது. அக்கா ஆர்டரில் நாலு வந்தது. பாக்கெட் துணியை இடுப்புத் தையலோடு சேர்த்துப் பிடித்து, உள்ளே நாடா வைத்துத் தைத்திருந்தார் அந்தக் கேள்வி மன்னன். போன் வைத்துப் பார்த்தோம். தொங்கவில்லை.

செங்கடலில் 2023 கடைசியில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்ததிலிருந்து நிறையக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்திருந்தன. அக்காவின் பெட்டிகளும் அப்படித்தான் ஊரெல்லாம் சுற்றிவிட்டு, பருவம் தப்பிப் போய்ச் சேர்ந்தன. எழுநூறு விற்றுவிட்டது. முந்நூறு அவள் வீட்டு ஹாலில் இருக்கிறது. அத்தான் அதன் மேல் உட்கார்ந்துதான் டி.வி. பார்க்கிறாராம். ஆக, அவருக்குத் தெரிந்துவிட்டது. லாபம் இல்லை. என் பிரியாணி மட்டும் இல்லாவிட்டால் இருந்திருக்கும். பாதியை நான் தருகிறேன் என்றேன். "நீ குடுத்து, நான் வாங்கி... போடா" என்றாள். வளையல் இன்னும் மீளவில்லை. ஆனால் வாங்கினவர்களில் சிலர் தங்கச்சிக்கும் சேர்த்து இன்னொன்று கேட்டிருக்கிறார்களாம், சுருங்காமலே. அடுத்த ஆர்டருக்கு அதே 495-காரர். பேரம் பேச வேண்டாம் என்று எனக்கு உத்தரவு.

ஒரு பீஸ் என் மனைவிக்கு வந்தது. போட்டுக்கொண்டு இரண்டு பாக்கெட்டிலும் கையை விட்டபடி வீடு பூராவும் நடந்தாள். அவளை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து நாளாயிற்று. பாவம், இத்தனை வருஷமாக வைத்துக்கொள்ள இடமில்லாமல்தானே இருந்தாள் என்று எனக்கும் மனசு இளகிவிட்டது.

மறுநாள் ஆபீஸுக்குக் கிளம்பும்போது சட்டைப் பையைத் தடவினேன். முந்தின நாள் வைத்த ஐந்நூறு ரூபாய் நோட்டைக் காணோம்.