இளைப்பாறும் வாரம்

தேகப் பயிற்சியைப் பற்றி நம்மிடையே நிலவும் நம்பிக்கைகளுள் மிக உறுதியானது, பயிற்சி மிக மிகத் திறனும் மிகும் என்பதாகும். பழைய கிரேக்கருக்குரிய குரோட்டன் நகரில் மைலோ என்றொரு மல்லன் இருந்தான். அவன் ஒரு கன்றை நாள்தோறும் தோளிற் சுமந்து நடந்தான். கன்று வளர வளர அவன் வலிமையும் வளர்ந்து, ஈற்றில் முழு எருதையே சுமந்தான் என்பர். கதை இனியதே. ஆயினும், அவ்வெருதின் வளர்ச்சி ஓரளவில் நின்றிராவிடின் மைலோவின் முதுகு என்னவாகியிருக்கும் என்று எவரும் வினவுவதில்லை.

இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்குங்கால் நம் பாடசாலை மைதானங்களிலும் இக்கதையே நடைபெறுகின்றது. காலையில் ஓட்டம், மாலையில் ஓட்டம், சனி ஞாயிறும் ஓட்டம். மூன்று வாரம் சென்றபின் ஓடும் நேரம் குறைவதற்குப் பதிலாகக் கூடுமாயின், "பையன் சோம்பிவிட்டான்" என்னும் தீர்ப்பு உடனே பிறந்துவிடுகின்றது. தண்டனையாக மேலும் இரண்டு சுற்று! களைத்தவனைச் சோம்பேறியென்று எண்ணி மேலும் களைக்கச் செய்யும் இவ்வழக்கத்தைக் குறித்தே இவ்வாரம் எழுத விழைகின்றேன்.

1954 ஆம் ஆண்டு மே மாதம் 6 ஆந் திகதி, ஒக்ஸ்போர்டிலுள்ள இஃப்லி வீதி மைதானத்தில், றொஜர் பனிஸ்டர் என்னும் மருத்துவ மாணவர் ஒரு மைல் தூரத்தை 3 நிமிடம் 59.4 செக்கனில் ஓடி முடித்தார். நான்கு நிமிட எல்லையைக் கடந்த முதல் மனிதர் அவரே என்பது பலரும் அறிந்த செய்தி. அதற்குச் சில வாரங்களுக்கு முன் நிகழ்ந்ததோ அத்துணை அறியப்படாதது. அவருடைய பயிற்சியின் முக்கிய பகுதி, கால் மைலைப் பத்து முறை, இடையிடையே இரண்டு நிமிட ஓய்வுடன், ஓடுவதாகும். 1953 டிசெம்பரில் ஒவ்வொரு கால் மைலுக்கும் 66 செக்கன் சென்றது. மாதங்கள் செல்ல அது படிப்படியாகக் குறைந்து, 1954 ஏப்பிரலில் 61 செக்கனை அடைந்தது. வேண்டியதோ 60. அந்த ஒரு செக்கன் எவ்வளவு முயன்றும் குறையவில்லை.

நம்மவராயின் பத்தைப் பன்னிரண்டாக்கியிருப்பர். பனிஸ்டரோ தம் நண்பர் கிறிஸ் பிரேஷருடன் ஸ்கொட்லாந்து மலைப்பகுதிக்குச் சென்று பாறையேறுவதிற் சில நாட்களைக் கழித்தார். ஓட்டப் பயிற்சி அறவே இல்லை. (போட்டி நெருங்கியிருக்கப் பாறையேறுதல் நான் எவருக்கும் கூறும் யோசனையன்று, வழுக்கி விழுந்தால் அவ்வாண்டின் ஓட்டம் அத்துடன் முடிந்தது.) திரும்பி வந்து மைதானத்தில் இறங்கியபோது, அதுவரை அசையாதிருந்த நேரம் 59 செக்கனாகக் குறைந்தது. இதனை மறவாத அவர், பந்தயத்திற்கு முந்திய ஐந்து நாட்களும் பயிற்சியை நிறுத்தி இளைப்பாறினார். பின்னாளில் அவர் நரம்பியல் வைத்தியராகப் புகழ்பெற்றார்; 2018 இல் காலமானார்.

செக்கோஸ்லோவாக்கிய வீரர் எமில் சாட்டோபெக்கின் அனுபவமோ தற்செயலானது. பயிற்சியின் கடுமைக்கு அவரைவிட வேறொருவரை உதாரணங்காட்டல் அரிது. 1950 இல் பிரசல்ஸ் நகரில் நடந்த ஐரோப்பியப் போட்டிகளுக்குச் சற்று முன்னர், உணவு நஞ்சானதால் அவர் வைத்தியசாலையிற் படுத்திருந்தார். படுக்கையிலிருந்து எழுந்து சென்ற அவர், 5,000 மீற்றர், 10,000 மீற்றர் ஆகிய இரண்டையும் பெரும் இடைவெளியில் வென்றார். நோய் அவருக்கு வலிமை தந்ததென்று கூறுவார் எவருமிலர். அவராகவே எடுத்துக்கொள்ளாத ஓய்வை நோய் வலிந்து கொடுத்தது.

இதன் காரணம் உடலின் இயல்பிலேயே உள்ளது. ஓடும்போது நாம் வலிமை பெறுவதில்லை; வலிமையை இழக்கின்றோம். தசைநார்களில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. தசையிற் சேமித்திருந்த மாச்சத்து செலவாகின்றது. உண்டு உறங்கும் வேளையிலேதான் உடல் அவற்றைச் செப்பனிட்டு, அடுத்த முறை தாங்குமாறு முன்னிலும் சற்று உறுதியாக்குகின்றது. மாச்சத்து ஓரிரு நாளில் நிரம்பிவிடும். தசைக்குச் சில நாட்கள் வேண்டும். எலும்போ மிக மெதுவானது. புதுச் சுமைக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் எலும்பு, முதலிற் பழைய பகுதியைக் கரைத்து அகற்றுகின்றது. புதிய பகுதி உருவாகி இறுகச் சில மாதங்கள் செல்லும். ஆகவே, கடும் பயிற்சி தொடங்கிய சில வாரங்களில் எலும்பு முன்னிலும் பலங்குன்றி நிற்கும் ஒரு காலம் உண்டு. 1855 இலேயே பிரஷ்ய இராணுவ வைத்தியர் ஒருவர், நெடுந்தூரம் அணிநடை நடந்த சிப்பாய்களின் பாதங்கள் வீங்கி நோவதைக் கண்டு எழுதினார். அடியோ வீழ்ச்சியோ இன்றி எலும்பில் உண்டாகும் வெடிப்பே அது என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. கணைக்கால் எலும்பில் விரல் வைத்து அழுத்தக் குறித்த ஓரிடம் மட்டும் நோகின்றதென்று ஒரு பிள்ளை சொன்னால், எண்ணெய் பூசி மைதானத்திற்கு அனுப்பாது வைத்தியரிடம் அனுப்புதல் வேண்டும்.

நிற்க. களைத்தபின் ஓய்வெடுத்தாற் போதாதோ, முன்கூட்டியே திட்டமிடுவானேன் என்று வினவலாம். களைத்தவன் தன் களைப்பை ஒப்புக்கொள்வதில்லை என்பதே விடை. போட்டியில் ஆவல்கொண்ட மாணவனும் அவன் இல்லத்தின் வெற்றியை விரும்பும் ஆசிரியரும் இவ்விடயத்தில் நடுவுநிலையான நீதிபதிகள் அல்லர். 1960களில் மத்வேயெவ் என்ற சோவியத் அறிஞர் பயிற்சிக்குரிய ஆண்டைப் பருவங்களாகப் பகுத்து, உழைப்பும் தளர்வும் மாறிமாறி வருமாறு அமைக்கும் முறையை விரித்துரைத்தார். மூன்று வாரம் ஏற்றி நான்காம் வாரம் இறக்குதல் இன்று பல பயிற்றுநர்கள் கைக்கொள்ளும் வழக்கமாகும்.

இறக்குதல் என்பது படுத்துக் கிடத்தலன்று. 2024 இல் வெளியான ஓர் ஆய்வில், எடைதூக்கிப் பயில்வோர் சிலர் ஒன்பது வாரப் பயிற்சியின் நடுவே ஒரு வாரத்தை முற்றாக விட்டனர். தசை வளர்ச்சியில் அவர்கள் பின்தங்கவில்லை. எனினும், இடைவிடாது பயின்றோரே கால் வலிமையிற் சற்று முந்தினர். ஒரு வார ஓய்வால் உடல் சீரழியாது என்பதும், ஓய்வு மந்திரமன்று என்பதும் இதனாற் பெறப்படும். ஆதலின், நான்காம் வாரத்தில் ஓடும் தூரத்தைப் பாதியளவாகக் குறைத்து, வேகமான ஓட்டத்தில் இரண்டொன்றை மட்டும் வைத்துக்கொள்ளுதல் நன்று. பத்துக் கால் மைல் ஓடுபவன் நான்கு ஓடலாம். ஏனைய நாட்களில் நடக்கலாம், நீந்தலாம்.

அவ்வாரத்தை எங்கே வைப்பது? தவணைப் பரீட்சை வாரத்திலே வைக்க வேண்டும் என்பது என் துணிபு. இரவு விழித்துப் படிக்கும் பிள்ளைக்கு மைதானச் சுமையும் குறையாதிருப்பின் இரண்டும் கெடும். தனியார் வகுப்புக்களுக்கு ஓடித்திரியும் மாலைகளையும் உடல் சுமையென்றே எண்ணும். "இந்த வாரம் ஓடவில்லையே" என்று சோற்றைக் குறைத்துப் போடும் தாய்மாரும் உளர். செப்பனிடும் வேலை நடைபெறும் வாரம் அதுவே ஆதலால் உணவைக் குறைத்தல் கூடாது. கடும் பயிற்சி செய்யும் பெண் பிள்ளைக்கு மாதவிடாய் நின்றுபோகுமாயின், அது உணவு போதாமையின் அறிகுறியாயிருக்கக்கூடும். தாயார் அதனை மறையாது வைத்தியருக்கு உரைக்க வேண்டும்.

காலையிற் கண் விழித்ததும், எழுமுன், நாடித்துடிப்பை ஒரு நிமிடம் எண்ணி எழுதிவைக்கும் பழக்கம் மாணவருக்கு நன்று. சில நாட்கள் தொடர்ந்து அது வழக்கத்திலும் உயர்ந்து நிற்க, உறக்கமும் பசியும் குன்றுமாயின், நான்காம் வாரத்துக்குக் காத்திராது அன்றே சுமையை இறக்குக. கடும் பயிற்சியின் பின் சிறுநீர் வெறுந்தேநீரின் நிறத்திற் கழியுமாயின் தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்க.

நான்காம் வாரம் முடிந்து வரும் திங்களன்று அல்லது செவ்வாயன்று, பையன் தன் தூரத்தை ஒருமுறை நேரங்கணித்து ஓடட்டும். அந்நேரத்தைக் கொப்பியில், மூன்றாம் வாரத்து நேரத்தின் அருகில் எழுதி, பயிற்றுவிக்கும் ஆசிரியரிடம் காட்டட்டும்.