நாணயம் சேர்ப்போரின் நாணயம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டியுள்ள ஒரு வங்கிக் கிளையில் சென்ற மாதம் நிகழ்ந்தது இது. வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற இட்லிக் கடைக்கார அம்மாள் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டிச் சில்லறை கேட்டார். “காயின் ஸ்டாக் இல்லைம்மா” என்றார் காசாளர். அடுத்தது எங்கள் முறை. எங்களைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. இழுப்பறையிலிருந்து பிரிக்கப்படாத ஐந்து ரூபாய் நாணயப் பை ஒன்றை எடுத்துக் கொடுத்து, “உங்களுக்குன்னு எடுத்து வெச்சேன் சார்” என்றார். தீபாவளிக்கு நாங்கள் கொடுத்த இனிப்புப் பெட்டியின் பலன் அது. பையில் நூறு நாணயங்கள். சரியாக ஐந்நூறு ரூபாய். அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் வெட்கமின்றிப் பையை வாங்கிக்கொண்டு வந்தோம்.

நாணயச் சேகரிப்பாளர் இருவர் கூடினால் மூன்றாவதாக வந்தமர்வது வங்கி ஊழியர் மீதான புகார்தான். மரியாதையாகப் பேசுவதில்லை, சில்லறை கேட்டால் பிச்சை கேட்டவனைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள், இத்யாதி. புகாரில் உண்மை இல்லாமல் இல்லை. சிறு மதிப்பு நோட்டுகளையும் நாணயங்களையும் எந்தக் கிளையும் வாங்க மறுக்கலாகாது, கேட்போருக்கு வழங்கவும் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி தன் சுற்றறிக்கைகளில் சலிக்காமல் சொல்லி வந்திருக்கிறது. பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்ற வதந்தி தமிழகத்தை ஆட்டிப்படைத்தபோது, 2018 ஜனவரியில், பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று அது அறிக்கையே வெளியிட்டது. அதன் பிறகும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் கடைக்காரர்கள் அந்தக் காசைக் கண்டு முகம் சுளித்ததை நாமறிவோம். கடைக்காரரைக் கேட்டால், “பேங்க்லயே வாங்க மாட்டேங்கிறான்” என்பதே பதில். வங்கி தன் கடமையைச் செய்திருந்தால் வதந்திக்கு அத்தனை ஆயுள் இருந்திருக்குமா?

ஆனால் இந்தக் கட்டுரை வங்கிகளைச் சாடுவதற்காக எழுதப்படுவதன்று. நம்மைச் சாடுவதற்காக எழுதப்படுவது.

நம் தரப்பில் சொல்லப்படும் முதல் சமாதானம், சேகரிப்பு ஓர் அறிவுப்பணி என்பது. மறுக்கவில்லை. 1980களில் ‘பெருவழுதி’ என்ற தமிழி எழுத்துப் பொறித்த சிறு செப்புக் காசை இரா. கிருஷ்ணமூர்த்தி வெளிக்கொணர்ந்தபோது, சங்ககாலப் பாண்டியர் பற்றிய வரலாற்றுக்கு அது எத்தகைய சான்றாயிற்று என்பதை இலக்கிய வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. ஆனால் அது உழைத்துப் படித்தறிந்த பணி. காசாளரின் இழுப்பறையிலிருந்து பின்வாசல் வழியாகப் பெற்ற பைகளைப் பிரிக்காமலே இணையச் சந்தையில் பன்மடங்கு விலைக்கு விற்பதை எந்த அறிவுப்பணியில் சேர்ப்பது? அண்ணாவின் தமிழ்க் கையெழுத்தைத் தாங்கி 2009-இல் வந்த ஐந்து ரூபாய் நாணயம் மக்கள் கையில் புழங்குவதற்காக அச்சிடப்பட்டது. அதைப் பை பையாக முடக்கி வைப்பவர் அண்ணாவுக்குச் செய்யும் மரியாதை என்ன?

இரண்டாவது சமாதானம், காசாளருக்கு நாம் தொந்தரவு தருவதில்லை என்பது. கவுன்ட்டரின் மறுபக்கத்திலிருந்து பாருங்கள். மாலையில் கணக்கு முடிக்கும்போது பணம் குறைந்தால் காசாளர் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். ஓய்வூதியம் வாங்க வந்த முதியவர்கள் வரிசையில் நிற்க, நாமோ ஹைதராபாத்தின் நட்சத்திரக் குறி இருக்கிறதா, நொய்டாவின் புள்ளி இருக்கிறதா என்று கண்ணாடித் தடுப்புக்கு முன் நின்றே ஆராய்கிறோம். தேடி முடித்த காசை மறுவாரம் மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டுகிறோம். எண்ணும் இயந்திரம் இல்லாத கிளையில் அதை எண்ணுவது யார்?

அமெரிக்காவிலும் இந்தப் பழக்கம் உண்டு. அங்கே 1964 வரை அரை டாலர் நாணயத்தில் 90 விழுக்காடு வெள்ளி இருந்தது. அதைத் தேடி வங்கிகளில் சுருள் சுருளாக நாணயம் வாங்கி, அலசி, மீதியைத் திருப்பிக் கட்டுவோர் ஏராளம். வாங்கிய கிளையில் திருப்பிக் கொட்டாதே, வேறு கிளையில் கொட்டு என்பது அவர்களிடையே புழங்கும் நெறி. நம்மவரும் இதை நாகரிகமென்று மெச்சி, அம்பத்தூரில் வாங்கியதைத் திருமுல்லைவாயிலில் கட்டுகிறார்கள். நாகரிகமா இது? நமக்கு இனிப்புப் பெட்டி உறவுள்ள காசாளரைக் காப்பாற்றி, முகமறியாத இன்னொரு காசாளரின் தலையில் சுமையை இறக்குவதற்குப் பெயர் வேறு.

இனி அந்த இனிப்புப் பெட்டி. அன்பளிப்புதானே என்பார்கள். பரிசு பெற்றவர் நமக்குத் தந்தது அவருடைய பொருளாக இருந்தால் அது அன்பு. அவர் தந்ததோ வரிசையில் நின்ற எல்லோருக்கும் உரியது. ‘ஸ்டாக் இல்லை’ என்ற பொய்யை அவர் வாய் சொன்னது. சொல்ல வைத்தது நாம். வாடிக்கையாளர் சேவையில் அறமில்லை என்று நாளெல்லாம் முழங்கும் நாம், அந்த அறம் முறிந்த இடத்தில் பயனாளியாக நின்றோம்.

ஆகவே சக சேகரிப்பாளர்களிடம் நாங்கள் கேட்பது இவ்வளவே. வரிசையில் நின்று கேளுங்கள். பையாக அல்ல, பத்துப் பதினைந்தாக. கூட்ட நாளில் கேட்காதீர்கள். பரிசுப் பொருளோடு போகாதீர்கள். தேடி முடித்த காசை வங்கிக்குச் சுமக்காமல், சில்லறைக்கு அல்லாடும் தெருமுனைக் கடைகளில் கமிஷன் வாங்காமல் கொடுங்கள். இருப்பு இருந்தும் மறுத்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். உங்களுக்கு மறுத்தபோது மட்டுமல்ல, உங்களுக்கு முன்னால் நின்றவருக்கு மறுத்தபோதும்.

நாங்கள் வாங்கி வந்த பையில் அரிய நாணயம் ஒன்றுகூட இல்லை. மறுநாள் அதை அந்த அம்மாளின் கடைக்குக் கொண்டு போனோம். எண்ணி வாங்கிக்கொண்டு நோட்டைக் கொடுத்தார். “நேத்தே குடுத்திருக்கலாமே தம்பி” என்றார். எங்களிடம் பதில் இல்லை.