மிஸ் அடிக்கும் எஞ்சினும் மூடிக் கிடந்த இறக்குமதியும்

வடக்கில் ஒரு கராஜ் வாசலில் அரை மணி நேரம் நின்றால் போதும், இந்த முறைப்பாடு காதில் விழுந்துவிடும்: "மிஸ் அடிக்குது அண்ணை, இழுவையும் இல்லை." வந்து நிற்பது பெரும்பாலும் முப்பது, நாற்பது வருடத்துக் கார். சில வேளை அதிலும் மூத்த மொறிஸ் மைனர். சொந்தக்காரருக்கு அதை விற்றுவிட்டு வேறொன்று வாங்கும் வழி இல்லை.

வழி இல்லாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. அந்நியச் செலாவணியைக் காப்பதற்கென்று 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. திறந்த கதவுக்குள் சுங்க வரி, எஞ்சின் கொள்ளளவைப் பார்த்துக் கணக்கிடும் உற்பத்தி வரி, எல்லாவற்றுக்கும் மேலே 18 வீதப் பெறுமதி சேர் வரி என வரிசையாக நிற்கின்றன. இந்த ஐந்து வருடத்தில் பழைய கார்களின் விலையும் ஏறிவிட்டது. 2009இல் வன்னியில் வாகனத்தைப் பாதையோரம் விட்டுவிட்டு நடந்து வந்த குடும்பங்களுக்கு இரண்டாவது வாகனம் என்பது நினைப்பிலும் இல்லாத விடயம். ஆகவே இருப்பதைத்தான் ஓட்ட வேண்டும். எஞ்சின் நடுங்கினால் அதற்கான காரணத்தைச் சரியாகப் பிடிக்க வேண்டும். பிழையாகப் பிடித்தால் அந்தச் செலவைச் சுமப்பது இந்த வீடுகள்தான்.

பிழை அநேகமாக ஓரிடத்தில்தான் தொடங்குகிறது. பாகத்தை மாற்றிப் பார்ப்பதையே நோய் கண்டுபிடிப்பதாக நினைத்துவிடுகிறோம். முதலில் பிளக், அது சரிவராவிட்டால் கொயில், அதுவும் இல்லையென்றால் காபரேற்றர். மூன்றாவது பில் வரும்போதும் எஞ்சின் அதே நடுக்கத்தோடு நிற்கும். கணினியைப் பூட்டிக் குறை சொல்ல வைக்கும் வசதி இந்தக் கார்களில் இல்லை. ஆனால் அவை வேறு விதமாகப் பேசும்.

முதலில் கவனிக்க வேண்டியது எப்போது நடுங்குகிறது என்பதை. நின்ற நிலையில் நடுங்கி, வேகம் கொடுத்ததும் சீராகிறதென்றால் எங்கோ வெளிக்காற்றை உறிஞ்சுகிறது என்ற சந்தேகம் வர வேண்டும். காபரேற்றருக்குக் கீழுள்ள கஸ்கற், வெயிலில் காய்ந்து வெடித்த றப்பர் குழாய், பிரேக் பூஸ்ரருக்குப் போகும் குழாய் ஆகியவற்றின் பொருத்துகளில் சிறிது தண்ணீரைத் தெளித்துப் பார்த்தால் எஞ்சின் சத்தம் மாறும் இடமே ஓட்டை. சிலர் இதைப் பெற்றோல் தெளித்துப் பார்க்கிறார்கள். சூடான எஞ்சினில் அது தீயோடு விளையாடுவது. மார்கழி மழைக் காலையில் மட்டும் தகராறு என்றால் டிஸ்ரிபியூற்றர் மூடியையும் பிளக் வயர்களையும் பார்க்க வேண்டும். சூடேறிய பிறகுதான் தொடங்குகிறது என்றால் கொயில் அல்லது கொண்டென்சர். மேட்டில் ஏறும்போது மட்டும் திக்கினால் எண்ணெய் போதாமல் வருகிறது, அல்லது பொறி பலவீனம்.

அடுத்தது எந்தச் சிலிண்டர் என்பது. எஞ்சின் ஓடும்போது, காப்பிட்ட குறட்டால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது எங்கள் பழைய மெக்கானிக்மாரின் கைவழக்கம். கழற்றியும் ஓட்டத்தில் மாற்றம் தெரியாத சிலிண்டர் ஏற்கனவே வேலை செய்யவில்லை என்று பொருள். (இலத்திரனியல் இக்னிஷன் உள்ள கார்களில் இதைச் செய்யக்கூடாது, மொடியூல் போய்விடும்.) அந்தப் பிளக்கின் நிறமும் பேசும். வெளிர் கபிலம் நல்லது. உலர்ந்த கரி என்றால் எண்ணெய் கூடுதலாகப் போகிறது. ஒயில் பிசுபிசுப்பு என்றால் றிங் அல்லது வால்வ் வழியாக ஒயில் ஏறுகிறது.

பிளக்கைக் கழற்றிய கையோடு கொம்பிறஷன் அளந்துவிடுவது நல்லது. மூன்று சிலிண்டர் 120 காட்ட ஒன்று 70இல் நின்றால், இனிக் காபரேற்றரில் கைவைப்பது வீண். அந்தத் துளைக்குள் ஒரு கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். ஏறினால் றிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வ். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் ஒன்றாக விழுந்திருந்தால் ஹெட் கஸ்கற்.

வால்வ் என்றதும் பலர் மறந்துவிடும் ஒன்று உண்டு. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றது. ஐம்பது, அறுபதுகளின் எஞ்சின்களில் புகை வெளியேறும் வால்வின் இருக்கையைத் தேய்மானத்திலிருந்து காத்தது அந்த ஈயம்தான். அது இல்லாமல் ஓடும்போது வால்வ் மெல்ல மெல்ல உள்ளே அமிழ்ந்து, இடைவெளி குறைந்து, கடைசியில் முழுதாக மூடாமலே விடும். மொறிஸ் மைனர் 1000இல் இந்த இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு இருக்க வேண்டும். அதைச் சரிபார்க்க ஒரு தகட்டுக் கருவியும் அரை நாள் பொறுமையும் போதும்.

இங்கே இன்னொரு வரலாறும் எஞ்சினுக்குள் இருக்கிறது. 1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் எங்களுக்குக் கிடைக்காத பொருள். சிறு போத்தல் பெற்றோலைக் காட்டி ஸ்ராட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினோம். ஒஸ்ரின் ஏ40 அதைத் தாங்கியது தற்செயல் அல்ல. அதன் அழுத்த விகிதம் ஏழுக்கு ஒன்று அளவில்தான் இருந்தது. இன்றைய எஞ்சின்களில் பத்தும் அதற்கு மேலும். ஆனால் தாங்கியதற்கு விலை இருந்தது. முழுதாக ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரின் ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும். அந்தக் காலத்தில் தேய்ந்த சிலிண்டர்கள் துளை பெருப்பிக்கப்படாமல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்தத் தலைமுறைக் கார் நடுங்கினால் கொம்பிறஷனை முதலில் அளக்கச் சொல்வது அதனால்தான்.

மண்ணெண்ணெய் அந்தக் காலத்தோடு போய்விடவும் இல்லை. 2022 ஓகஸ்ட்டில் ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றர் 450 ரூபா விற்றபோது மண்ணெண்ணெய் 87 ரூபா. அந்த மாதத்திலேயே அது 340 ஆக்கப்பட்டது. மீனவர்களையும் விளக்குக்கு நம்பியிருந்த வீடுகளையும் அது அடித்தது, அந்த முடிவை நியாயப்படுத்த நான் வரவில்லை. ஆனால் விலை இடைவெளி அவ்வளவு பெரிதாக இருக்கும்போது கலப்படத்துக்கான ஆசையும் பெரிதாகவே இருக்கும். டாங்கை நிரப்பிய மறுநாளே எஞ்சின் தட்டத் தொடங்கினால், காலையில் ஸ்ராட் எடுக்கச் சிரமப்பட்டால், ஒயில் குச்சியில் மண்ணெண்ணெய் மணத்தால், பிளக் மாற்ற ஓட வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளில் சில துளி விட்டுப் பாருங்கள். பெற்றோல் விரைவில் காய்ந்துவிடும். கலப்படம் எண்ணெய்த் தடத்தை விட்டுப் போகும்.

காசு செலவில்லாத இன்னொரு சாட்சியம் எல்லாரிடமும் இருக்கிறது. வருமான அனுமதிப்பத்திரத்துக்காக வருடா வருடம் எடுக்கும் புகைப் பரிசோதனை அறிக்கையைத்தான் சொல்கிறேன். சித்தியா, இல்லையா என்று மட்டும் பார்த்துவிட்டுக் காருக்குள் போட்டுவிடுகிறோம். அதில் ஐதரோகாபன் அளவு ஏறி, காபன்மொனொக்சைட் சாதாரணமாக இருந்தால் எரியாமல் வெளியேறுகிறது, அதாவது மிஸ் அடிக்கிறது. காபன்மொனொக்சைட் ஏறியிருந்தால் எண்ணெய் கூடுதல். இரண்டு வருடத்து அறிக்கைகளைப் பக்கத்தில் வைத்துக் கராஜில் காட்டினால், முதல் பில்லிலேயே எங்கே கைவைப்பது என்று பேசலாம்.